நித்திய ஒழுக்கத்தில் நின்ற நாவலர் பெருமான்

சைவத் தமிழ் மக்கள் வாழும் ஊர்களிலே பிள்ளைகள் சிறுவயதிலேயே சில ஒழுங்குகளைப் பழகிக்கொள்கின்றனர். திருநீற்றை வலக்கையின் நடுவிரல் மூன்றினாலும் எடுத்து, முகத்தை மேலே நிமிர்த்தி, நிலத்திலே சிந்தாமல் பூச வேண்டும். விநாயகப் பெருமானை ஒரு முறையும் சிவபெருமானை மூன்று முறையும் உமாதேவியாரை நான்கு முறையும் வலம்வர வேண்டும். ஆண்கள் அட்டாங்கமாகவும் பெண்கள் பஞ்சாங்கமாகவும் வணங்க வேண்டும். இவற்றையெல்லாம் யார் சொல்லித்தந்தார் என்று கேட்டால் அம்மம்மா, அம்மா, அறநெறிப் பாடசாலை ஆசிரியை என்றே பதில் வரும். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார் என்று பின்னோக்கிச் சென்றால், ஈழத்துச் சைவக் குடும்பங்கள் பலவற்றில் அந்த வழி யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் எழுதிய சிறிய சைவ வினாவிடைப் புத்தகத்திலே சென்று சேரும்.

இந்த விதிகளை நாவலர் புதிதாக உண்டாக்கவில்லை. ஆகமங்களிலும் புராணங்களிலும் வடமொழியாகவும் செய்யுளாகவும் கிடந்தவற்றை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த எவரும் விளங்கிக்கொள்ளும் தமிழ் வசனத்தில் அவர் எடுத்துத் தந்தார். தந்ததோடு நில்லாமல் அவற்றின்படி தாமும் நின்றார். சைவ உலகம் அவரை ஐந்தாங் குரவர் என்று போற்றுவதற்கு அவருடைய கல்வியும் நாவன்மையும் மாத்திரம் காரணமல்ல. நாள்தோறும் தவறாது கைக்கொண்ட சிறிய நியமங்களின் மேலேதான் அவருடைய பெரிய தொண்டுகள் யாவும் எழுந்தன.

பிறப்பும் கல்வியும்

நாவலர் பெருமான் 1822 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18 ஆம் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் இளைய புதல்வராய் அவதரித்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆறுமுகம். தந்தையார் தமிழ் கற்றவர், நாடகங்கள் இயற்றியவர். ஆறுமுகத்துக்கு ஒன்பது வயதாயிருந்தபோது தந்தையார் ஒரு நாடகத்தை எழுதிக்கொண்டிருக்கையிலே காலமானார். முற்றுப்பெறாது நின்ற அந்த நாடகத்தை அந்தச் சிறுவரே எழுதி முடித்தார் என்பர். தொடங்கிய கருமத்தை இடையிலே விடாத இயல்பு அந்த வயதிலேயே அவரிடம் காணப்பட்டது.

ஊரிலே சுப்பிரமணிய உபாத்தியாயரிடம் எழுத்தறிந்து, பின்னர் சரவணமுத்துப் புலவரிடமும் இருபாலைச் சேனாதிராச முதலியாரிடமும் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். ஆங்கிலம் கற்கும்பொருட்டு மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் நடத்திய பாடசாலையிலே சேர்ந்தார். இப்பாடசாலையே பிற்காலத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாக வளர்ந்தது. இருபது வயதை அண்டிய பருவத்திலேயே அங்கு ஆசிரியராகவும் அமர்ந்தார். பாதிரியாருக்குத் தமிழ் கற்பித்ததோடு பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்கும் பணியிலும் அவருக்குத் துணைநின்றார். அந்த மொழிபெயர்ப்புச் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அக்காலத்துப் பெரும் வித்துவானாகிய மழவை மகாலிங்கையரின் பார்வைக்கு வைக்கப்பட்டபோது அவர் அதன் தமிழ்நடையை ஏற்றுப் பாராட்டினார்.

அன்னிய சூழலிலும் கைவிடாத நெறி

அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலே கல்வி பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளின் கையில் இருந்தது. ஆங்கிலம் கற்றால் உத்தியோகம் கிடைக்கும். அந்த ஆங்கிலத்தைக் கற்பதற்கு மிஷன் பாடசாலைக்கே போகவேண்டும். படிப்புக்காகத் திருநீற்றை அழித்துவிட்டுச் சென்று, வீடு திரும்பியபின் பூசிக்கொண்ட பிள்ளைகளும் இருந்தனர். வீட்டில் ஒரு கோலமும் வெளியில் ஒரு கோலமுமாக வாழப் பலர் பழகிவிட்டனர்.

இத்தகைய சூழலின் நடுவிலே ஏறக்குறையப் பத்தாண்டுகள் பாதிரியாரோடு நெருங்கிப் பழகியும் ஆறுமுகம் தமது சைவ ஆசாரத்தில் ஒன்றையேனும் விட்டாரல்லர். காலையில் நீராடுதல், திருநீறு தரித்தல், அனுட்டானம், மரக்கறி உணவு ஆகியவற்றில் எந்த மாற்றமும் செய்யவில்லை. இதற்காகப் பாதிரியாரோடு அவர் பகைக்கவுமில்லை. பேர்சிவல் அவருடைய கல்வியை மதித்தார். அவரும் பாதிரியாரின் உழைப்பையும் ஒழுங்கையும் கூர்ந்து கவனித்தார். குறித்த நாளில் குறித்த நேரத்தில் மக்களைக் கூட்டி எளிய மொழியிற் போதிப்பது, சிறுவர்க்குப் படிமுறையாகப் பாடநூல் அமைப்பது, அச்சியந்திரத்தைச் சமயப்பணிக்குப் பயன்படுத்துவது ஆகிய மூன்றையும் மிஷனரிமாரிடமே கண்டு, அவற்றைச் சைவத்தின் தேவைக்கு ஏற்ப எடுத்துக்கொண்டார். தம் நெறியில் உறுதியாக நிற்பவர் பிறரிடம் உள்ள நன்மையைக் கற்பதற்கு அஞ்சவேண்டியதில்லை என்பதற்கு அவருடைய இளமைக்காலமே சான்றாகும்.

பேர்சிவலிடம் பணியாற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே சைவப்பிள்ளைகளைத் தமது இல்லத்தில் சேர்த்து, காலையிலும் இரவிலும் வேதனம் வாங்காமற் கற்பித்து வந்தார். பகலிலே சம்பளத்துக்கு வேலை, காலையும் இரவும் தொண்டு என நாளைப் பங்கிட்டுக்கொண்ட அந்த ஒழுங்கே பின்னர் அவருடைய முழு வாழ்வாக மாறியது.

மூன்று துறவுகள்

1848 ஆம் ஆண்டு நாவலர் தமது உத்தியோகத்தை விட்டு நீங்கினார். கூடிய வேதனம் தருவதாகப் பேர்சிவல் பாதிரியார் கேட்டும் அவர் திரும்பவில்லை. இல்லறத்திற் புகுந்தால் மனைவி மக்களுக்காகப் பொருள் தேடவேண்டிவரும், பொருள் தேடும்போது தொண்டு குறையும் எனக் கருதித் திருமணத்தையும் வேண்டாமென்று வாழ்நாள் முழுவதும் பிரமசாரியாகவே இருந்தார். உத்தியோகங்களிலே இருந்த தமையன்மாரின் தயவை நாடிச் சுகமாக வாழவும் அவர் விரும்பவில்லை. சம்பளம், குடும்பம், உறவினர் செல்வம் என்ற மூன்றையும் துறந்தபோது அவருக்கு வயது இருபத்தாறு கூட நிறையவில்லை.

காவி உடுத்து மடத்திற் புகும் துறவு வேறு. ஊரின் நடுவிலே இருந்து, பாடசாலையும் அச்சுக்கூடமும் நடத்தி, கணக்குப் பார்த்து, கடிதம் எழுதி, மாணவரை உண்பித்து, இவற்றில் எதையும் தமக்கென்று வைத்துக்கொள்ளாத துறவு வேறு. இரண்டாவது வகைத் துறவையே நாவலர் மேற்கொண்டார். ஒவ்வொரு நாளும் புதிதாகக் காக்கவேண்டிய துறவு அது.

வெள்ளிக்கிழமை நியமம்

1847 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே நாவலர் தமது முதலாவது சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அன்று தொடங்கிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் ஒரு நியமமாகத் தொடர்ந்தது. நண்பராகிய கார்த்திகேய ஐயரும் அப்பணியிலே அவரோடு சேர்ந்து பேசினார்.

பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள்களைக் கவனித்தால் அவருடைய நோக்கம் விளங்கும். கடவுள் ஒருவர் என்பதும் சிவதீட்சையின் மேன்மையும் பேசப்பட்டவாறே கொல்லாமை, புலாலுண்ணாமை, கள்ளுண்ணாமை, பிறர்மனை நயவாமை, பசுவைக் காத்தல், திருநீற்றின் மகிமை என்பனவும் பேசப்பட்டன. பெரிய தத்துவ ஆராய்ச்சியைக் கேட்டு மக்கள் வியந்து செல்வதிலும் பார்க்க, வீட்டுக்குச் சென்றதும் மறுநாட் காலையில் ஒரு பழக்கத்தையாவது திருத்திக்கொள்வதே நன்று என அவர் எண்ணினார். அவருடைய பேச்சைக் கேட்டு மதுவையும் புலாலையும் விட்டவர்களும் தீட்சை பெற்றவர்களும் பலர்.

1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பாடசாலைகளுக்குக் கிடைத்த அரசாங்க உதவி நெடுங்காலமாக அதற்குக் கிடைக்கவில்லை. 1849 ஆம் ஆண்டு அச்சியந்திரம் வாங்கும்பொருட்டு மாணாக்கர் சதாசிவப்பிள்ளையோடு தமிழ்நாடு சென்றார். செல்லும் வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் செய்த பிரசங்கத்தைக் கேட்ட ஆதீனகர்த்தர் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தார். அன்று முதல் அதுவே அவருடைய பெயராயிற்று. வாங்கி வந்த இயந்திரத்தைக் கொண்டு வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன இயந்திரசாலையை நிறுவினார். 1864 ஆம் ஆண்டு சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்.

நூலாக விரிந்த ஒழுக்கம்

நாவலர் எழுதியும் பதிப்பித்தும் வெளியிட்ட நூல்கள் பல. பெரியபுராண வசனமும் நன்னூல் விருத்தியுரைப் பதிப்பும் திருக்குறள் பரிமேலழகருரைப் பதிப்பும் கற்றோரால் இன்றும் போற்றப்படுகின்றன. ஆனால் சாதாரண மக்களின் வாழ்க்கையிலே ஆழமாகப் புகுந்தவை அவருடைய சிறிய நூல்களாகும். பாலபாடங்கள், சைவ வினாவிடை, நித்தியகருமவிதி, அனுட்டானவிதி, சிவாலய தரிசனவிதி என்பன அவ்வகையின. ஒரு சைவர் விழித்தெழுந்தது முதல் உறங்கச் செல்லும் வரையில் என்னென்ன செய்யவேண்டும், எவ்வாறு செய்யவேண்டும் என்பதை இவை வரிசையாகச் சொல்கின்றன.

சூரியன் உதிக்கும் முன்னரே எழுதல், எழுந்ததும் திருநீறு தரித்துச் சிவபெருமானை நினைத்தல், உடலைச் சுத்திசெய்தல், பல் துலக்குதல், நீராடுதல், தோய்த்துலர்ந்த வஸ்திரம் தரித்தல், சந்தியாவந்தனம் செய்தல், திருவைந்தெழுத்தைச் செபித்தல் என்று காலைக் கடன்கள் தொடங்குகின்றன. உண்ணும்போது வீண்பேச்சுப் பேசாமலும் சிந்தாமலும் உண்ணவேண்டும். உணவுக்கு முன்னும் பின்னும், நித்திரைக்கு முன்னும் திருநீறு தரிக்கவேண்டும்.

ஆலயத்துக்குச் செல்வோர்க்குரிய விதிகள் இன்னும் நுணுக்கமானவை. தொலைவிலேயே கோபுரத்தைக் கண்டு வணங்குதல், கால் கழுவி உட்புகுதல், பலிபீடத்துக்கு இப்பால் நின்று நமஸ்கரித்தல், கைகளைக் குவித்தபடி மெல்ல அடிவைத்து வலம்வருதல் என்பன செய்யத்தக்கன. எச்சில் துப்புதல், வெற்றிலை பாக்கு உண்ணுதல், நித்திரை செய்தல், வீண்வார்த்தை பேசுதல், சுவாமிக்கும் நந்திக்கும் குறுக்கே போதல் என்பன செய்யத்தகாதன. இன்றைக்கும் கிராமத்து ஆலயத்திலே ஒரு முதியவர், நந்திக்குக் குறுக்கே ஓடும் பிள்ளையைக் கைப்பிடித்து நிறுத்துகின்றார் என்றால், அந்தக் கைக்குப் பின்னால் இந்த நூல்கள் உண்டு.

இத்தனை சிறு விதிகள் எதற்கு, மனத்தில் அன்பு இருந்தாற் போதாதா என்று கேட்போர் எக்காலத்திலும் உளர். நாவலருடைய நூல்களின் அமைப்பிலேயே அதற்கு விடை கிடைக்கின்றது. நான்காம் பாலபாடத்திலே கடவுளையும் ஆன்மாவையும் பற்றிய பாடங்களோடு கொலை, களவு, பொய், அழுக்காறு, கோபம், சூது என்பவற்றின் தீமைகளும், செய்ந்நன்றியறிதல், தாய்தந்தையரைப் பேணல், தானம், கல்வி என்பவற்றின் நன்மைகளும் ஒரே வரிசையிற் சொல்லப்படுகின்றன. திருநீற்றைச் சிந்தாமற் பூசுவதற்குக் கற்ற கை, பிறர் பொருளைத் தொடாமல் இருப்பதற்கும் கற்கவேண்டும். மௌனமாக உண்ணப் பழகிய நா, பொய் சொல்லாமல் இருப்பதற்கும் பழகவேண்டும். சிறிய விதியிலே கவனம் வைக்கப் பழகியவருக்குப் பெரிய விதி பாரமாவதில்லை. அன்பு என்பது மனத்திலே தோன்றி மறையும் ஒன்றாக இராமல், உடலிலே பழக்கமாக உறையவேண்டும் என்பதே நாவலர் கண்ட நெறி.

அச்சுக்கூடத்திலும் அதே ஒழுங்கு

பூசையறையிற் காட்டிய கவனத்தை நாவலர் அச்சுக்கூடத்திலும் காட்டினார். ஒரு நூலைப் பதிப்பிக்கும் முன் ஏட்டுப்பிரதிகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்குவார். எழுத்துப் பிழை புகாமல் அச்சுத்தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். வாசிப்போர் இடர்ப்படாதவாறு சந்திகளைப் பிரித்தும், காற்புள்ளி முதலிய குறிகளை இட்டும் வசனங்களை அமைத்தார். நாவலர் பதிப்பு என்றால் பிழையில்லை என்ற பெயர் தமிழகம் முழுவதும் பரவியது. ஓர் எழுத்துத்தானே என்று விட்டுவிட அவரால் முடியவில்லை. ஒரு பொட்டு நீறுதானே என்று சிந்தவும் முடியவில்லை. இரண்டும் ஒரே மனத்திலிருந்து வந்தவை.

கண்டனங்களும் வன்னி மண்ணும்

ஒழுக்கத்திற் கடுமையாக நின்றவர் பேச்சிலும் எழுத்திலும் கடுமையாகவே இருந்தார். 1854 ஆம் ஆண்டு வெளிவந்த சைவதூஷண பரிகாரம் மிஷனரிமாரின் கண்டனங்களுக்கு விடையாக எழுந்தது. சைவ மக்களிடையே இருந்த குறைகளையும் அவர் மறைத்துவைக்கவில்லை. ஆலயங்களில் ஆடு கோழி பலியிடுதல், திருவிழாக்களிலே வீண் ஆடம்பரம் செய்தல், ஆலயப் பணத்தைத் தவறாகக் கையாளுதல் என்பவற்றை வெளிப்படையாகக் கண்டித்தார். 1872 ஆம் ஆண்டளவில் கீரிமலைச் சிவாலயத்தையும் மன்னாரிலே பாழடைந்து கிடந்த திருக்கேதீச்சரத்தையும் புதுப்பிக்குமாறு சைவ மக்களை வேண்டினார். வன்னிப் பெருநிலத்தின் மேற்கு வாயிலாகிய திருக்கேதீச்சரம் பிற்காலத்தில் மீண்டெழுந்ததற்கு அந்த வேண்டுகோளும் ஒரு வித்தாகும்.

ஆகமத்திலே கூறப்படாத தெய்வ வழிபாடுகளையும் அவர் ஏற்கவில்லை. அவற்றுள் கண்ணகி வழிபாடும் ஒன்று. யாழ்ப்பாணத்திலே கண்ணகி கோயில்களாய் இருந்தவை சில காலப்போக்கில் இராஜராஜேஸ்வரி முதலிய பெயர்களைப் பெற்றன. வன்னி மக்கள் அவ்வாறு செய்யவில்லை. வற்றாப்பளை அம்மன் இன்றும் கண்ணகியாகவே வைகாசிப் பொங்கலை ஏற்கின்றாள். முல்லைத்தீவுக் கடலிலே தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்திலே வைத்து உப்புநீரில் விளக்கேற்றும் மரபு தவறாமல் நடைபெற்று வருகின்றது. அந்த விளக்கைக் காத்து நிற்போர் கைக்கொள்ளும் விரதமும் தூய்மையும் எந்த ஆகமக் கோயிலின் நியமத்துக்கும் குறைந்தவையல்ல. நாவலரின் நித்திய நெறியை ஏற்று, அம்மனையும் விடாது பற்றிக்கொண்டதே வன்னியின் வழி. ஒழுக்கத்தை அவரிடம் கற்றோர், தம் தாயை அவருடைய சொல்லுக்காகக் கைவிடவில்லை.

சாதி விடயத்திலே நாவலர் தம் காலத்துக் கட்டுகளைக் கடந்து வெளியே வந்தாரல்லர். அவருடைய பாடசாலைகளும் அக்காலச் சமூக ஒழுங்கைத் தழுவியே நடந்தன. எல்லோரும் ஒரே படலையாற் சென்று ஒரே சந்நிதியில் நிற்பதே சைவம் என்பது பின்வந்த தலைமுறைகள் போராடிப் பெற்ற தெளிவாகும். பெரியோரைப் போற்றும்போது இதையும் நினைவிற் கொள்வது அவர்களுக்குக் குறைவாகாது. எந்த விதி ஆன்மாவைத் தூய்மை செய்வது, எந்த விதி மனிதரை மனிதரிடமிருந்து விலக்குவது என்று பிரித்தறியும் கடமை ஒவ்வொரு தலைமுறைக்கும் உண்டு.

கஞ்சித்தொட்டி

நாவலருடைய நியமங்கள் எல்லாவற்றுக்கும் உரைகல்லாக வந்தது 1876 ஆம், 1877 ஆம் ஆண்டுக் காலத்துப் பஞ்சம். தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தின் காலத்திலேயே யாழ்ப்பாணத்திலும் விளைவு குன்றியது. அரிசி விலை ஏறியது. அதனோடு வாந்திபேதியும் பரவி வீடுகள் தோறும் மரணம் புகுந்தது. ஊணுக்கு வழியின்றி மக்கள் தெருவிலே விழுந்தனர்.

ஐம்பது வயதைக் கடந்து உடல் தளர்ந்திருந்த நாவலர் அப்போது புத்தகத்தையும் எழுதுகோலையும் வைத்துவிட்டு எழுந்தார். பொருளுள்ளவர்களையும் வணிகர்களையும் கண்டு உதவி வேண்டினார். வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டி அமைத்து, பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். மக்கள் படும் துன்பத்தை அரசாங்கம் உள்ளவாறு உணரவில்லையெனக் கண்டு, அரசாங்க அதிபராயிருந்த துவைனம் துரையின் போக்கை அஞ்சாது கண்டித்து எழுதினார். ஆட்சியாளரின் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் அவரிடம் இருந்ததில்லை.

விதிமுறைகளிலே இத்துணை கண்டிப்பானவர் பசித்தவருக்கு முன்னால் நின்ற விதத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவருடைய நூல்களிலே தானம் ஒரு பாடமாக இருந்தது. கொல்லாமை ஒரு பாடமாக இருந்தது. பஞ்சம் வந்தபோது அவை இரண்டும் ஒரு தொட்டிக் கஞ்சியாயின. உயிரைக் காக்க உதவாத ஆசாரம் வெறும் பழக்கமாகவே நின்றுவிடும். நாள்தோறும் சிறு கடமை தவறாது செய்து பழகியிருந்தவருக்கு அந்தப் பெருங் கடமை வந்தபோது தயங்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

சிவபதப்பேறு

1879 ஆம் ஆண்டு சட்டசபை அங்கத்தவராயிருந்த சேர் முத்துக்குமாரசுவாமி காலமானதும், அவருடைய இடத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதன் வருவதற்காக நாவலர் பாடுபட்டார். அம்முயற்சி கைகூடியது. அவ்வருடம் ஆடிச் சுவாதியிலே, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்தன்று, வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலையிலே அவர் செய்த பிரசங்கமே இறுதிப் பிரசங்கமாய் அமைந்தது.

1879 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5 ஆம் திகதி, கார்த்திகை மக நட்சத்திரத்திலே நாவலர் பெருமான் சிவபதம் அடைந்தார். ஐம்பத்தேழு வயது நிறைவதற்குச் சில நாள்களே இருந்தன. முதற் பிரசங்கம் செய்த நாளைப் போலவே அன்றும் வெள்ளிக்கிழமை. அவர் விட்டுச் சென்ற சொத்து என்று சொல்லத்தக்கவை பாடசாலைகள், அச்சுக்கூடம், நூல்கள், மாணவர் ஆகியவையே. அவர் காட்டிய வழியிலே 1888 ஆம் ஆண்டு சைவ பரிபாலன சபையும், 1890 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் எழுந்தன. சைவப் பாடசாலைகள் ஊர்தோறும் பெருகின. ஆண்டுதோறும் கார்த்திகை மகத்திலே அவருடைய குருபூசை பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் கொண்டாடப்படுகின்றது.

இம்மண்ணுக்கு அவர் விட்டுச்சென்றது

நாவலர் வாழ்ந்தது யாழ்ப்பாணத்திலும் சிதம்பரத்திலும். எனினும் அவர் வகுத்துத் தந்த நித்திய ஒழுக்கத்தின் அருமையை முள்ளிவாய்க்கால் மண் அறிந்தவாறு வேறெந்த ஊரும் அறிந்திராது. 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியிலே வன்னிப் பெருநிலம் முழுவதிலுமிருந்து இடம்பெயர்ந்த மக்கள், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட இந்தச் சிறிய நிலத்துண்டிலே வந்து ஒதுங்கினர். வீடு போயிற்று, வயல் போயிற்று, கோயிலும் விக்கிரகமும் புத்தகமும் போயின, சொல்லி மாளாத உயிர்களும் போயின. எல்லாவற்றையும் இழந்தவரிடத்திலும் இழக்காமல் இருக்கக்கூடியது பழக்கம் ஒன்றே. கூடாரத்தின் முன்னே கிழக்கு நோக்கி நிற்பதற்குக் கோயில் வேண்டியதில்லை. திருவைந்தெழுத்தை நினைப்பதற்குப் புத்தகம் வேண்டியதில்லை. சிறு விதிகளைச் சிறுவயதிலேயே உடலிற் பழக்கிவைக்கவேண்டும் என நாவலர் வற்புறுத்தியதன் பொருள் அத்தகைய நாள்களிலேதான் முழுவதும் விளங்கும்.

அந்நாள்களில் அரிசியும் நீரும் உப்பும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியே பலரின் உயிரைத் தாங்கியது. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்திலே அந்தக் கஞ்சி காய்ச்சப்பட்டு, நினைவாக எல்லோர்க்கும் வழங்கப்படுகின்றது. உப்பும் அரிசியுமான அந்தக் கஞ்சியைப் பிள்ளைகள் கையில் வாங்கிப் பருகும்போது, பஞ்சகாலத்துக் கஞ்சித்தொட்டியின் முன்னே நின்ற நாவலர் பெருமானையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுதல் தகும். உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியைப் புறம்பாக எடுத்துவைக்கும் பழைய வழக்கம் எந்த வீட்டிலாவது இன்னும் இருக்குமாயின், அதை விடாது காத்தலும் தகும். அதிகாலையில் எழுதல், நீராடல், நீறு பூசுதல், பொய் பேசாதிருத்தல், ஒரு பிடி அரிசியைப் பசித்தவருக்கென ஒதுக்குதல் என்னும் இவை செல்வம் இல்லாதவரும் செய்யக்கூடியவை, இன்றே தொடங்கக்கூடியவை.

நாவலர் பெருமான் கைக்கொண்ட நித்திய ஒழுக்கம் இவ்வூர்ச் சிறுவர் சிறுமியரிடத்தே வேரூன்றி வளரவும், இம்மண்ணிலே மறைந்த ஆன்மாக்கள் அனைத்தும் இறைவன் திருவடி நிழலிலே இளைப்பாறவும், எல்லாம் வல்ல பரம்பொருள் திருவருள் பாலிப்பதாக.

மேன்மைகொள் வாழ்வு யாவர்க்கும் ஆகுக.